கேளுங்கள், நேராகவே கேளுங்கள்

“என் அறை நண்பன் முன்பு போல இல்லை. ‘தற்கொலை எண்ணம் வருகிறதா?’ என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாகிவிடாதா?” பெங்களூரு வாசகர் ஒருவரின் கேள்வி இது.

தாராளமாகக் கேளுங்கள். இந்தப் பயத்தை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். 2001 முதல் 2013 வரை வெளியான 13 ஆய்வுகளை லண்டன் ஆய்வாளர்கள் 2014இல் தொகுத்தார்கள். கேட்டதால் தற்கொலை எண்ணம் கூடியதாக எதிலும் தெரியவில்லை. மனம்விட்டுப் பேசியது சிலருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கிறது.

ஏன் அப்படி? செத்துப்போக நினைக்கும் மனத்துக்குள்ளேயே பிழைக்கும் ஆசையும் கிடக்கிறது. வலி உச்சத்துக்கு ஏறும்போது பார்வை குறுகி, மற்ற வழிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. அடுப்பில் பால் பொங்குவதைப் பாருங்கள். மேலே படியும் ஆடை ஆவியை அடைத்துவிடுகிறது. போக வழியில்லாத ஆவி ஆடையோடு பாலையும் தூக்கிக்கொண்டு வழிகிறது. ஓர் அகப்பையைப் போட்டு வைத்தால் ஆடை கிழிந்து ஆவி வெளியேறுகிறது, பால் அடங்குகிறது. நேரான கேள்விதான் அந்த அகப்பை. அது அடுப்பை அணைக்காது. கடன், குடி, மனச்சோர்வு என்று கீழே எரியும் தீயைத் தணிக்க மருத்துவமும் உதவியும் வேண்டும். ஒருமுறை பொங்கிய பால் மறுபடியும் பொங்கும், ஆகவே பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். உச்சக்கட்டத் தவிப்பு பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டாலே ஓர் உயிர் தப்பலாம்.

எப்போது கேட்பது? “நான் எல்லாருக்கும் பாரம்”, “நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி” என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தானம் கொடுப்பது, தூக்கம் கெடுவது, குடி கூடுவது, ஆட்களிடமிருந்து ஒதுங்குவது, நெடுநாள் தவிப்புக்குப் பிறகு காரணமில்லாமல் வரும் திடீர் அமைதி. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தனியே உட்கார்ந்து கேளுங்கள். பதில் “ஆமாம்” என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், ‘இதுக்கெல்லாமா?’ என்று திட்டாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் கூடவே போங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

குரலையும் முகத்தையும் வைத்துத் தற்கொலையை முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று சில செயலிகள் வாக்களிக்கின்றன. அவற்றை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஐம்பது ஆண்டுகளில் நடந்த 365 ஆய்வுகளை 2017இல் சேர்த்துப் பார்த்தபோது, நமது கணிப்புத் திறன் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. உறவு விட்டுப்போகாமல் தொடர்வது உதவும் என்பதற்கோ நல்ல சான்று இருக்கிறது. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு சாராருக்குச் சிறு ஆலோசனை தந்து, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். தற்கொலையால் இறந்தவர்கள் அவர்களில் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம்.

யாராவது தற்கொலைக்கு முயன்றுவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416. பெங்களூரிலுள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம். இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். சென்னையிலுள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112. இந்த எண்களை இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்கே இந்த எண்ணம் வந்தாலும் தயங்காமல் அழையுங்கள்.