பத்தாயிரம் முறை பூவா தலையா

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்குக்குள் நுழைந்தபோது ஜான் கெரிக் அங்கே மாட்டிக்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்தவர். முகாமில் அடைபட்ட அந்த நாட்களில், சக கைதி ஒருவரின் துணையோடு ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, பூவா தலையா என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். போர் முடிந்தபின் 1946இல் அது புத்தகமாகவே வந்தது.

முதல் 10 சுண்டலில் தலை விழுந்தது 4 முறை. நூறில் 44. ஆயிரத்தில் 502. பத்தாயிரத்தில் 5,067. அடுத்து விழப்போவது பூவா தலையா என்று கடைசிச் சுண்டல் வரை அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி தலையாக இருக்கும் என்பதை முதல் சுண்டலுக்கு முன்பே துணிந்து சொல்லியிருக்கலாம். நிகழ்தகவு தருகிற நிச்சயம் இந்த வகைதான்: தனி நிகழ்வைப் பற்றி வாய் திறக்காது, கூட்டத்தைப் பற்றி உறுதியாகப் பேசும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தொடர்ந்து ஐந்து முறை பூ விழுந்துவிட்டால், 'கணக்கு நேராக வேண்டுமே, அடுத்தது தலைதான்' என்று தோன்றும். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. பழைய பாக்கியை அது தீர்ப்பதில்லை. கெரிக்கின் எண்களையே பாருங்கள். 10 சுண்டலில் பாதிக்கு ஒன்று குறைவு. 100இல் ஆறு குறைவு. 10,000இல் 67 அதிகம். வித்தியாசம் மறையவில்லை, பெருகியிருக்கிறது! சதவீதம் மட்டும் 40, 44, 50.67 என்று பாதியை நெருங்கியது. காரணம் எளிது. சுண்டல்கள் நூறு மடங்கானால், எதிர்பார்க்கத்தக்க வித்தியாசம் பத்து மடங்குதான் ஆகும்: நூறு சுண்டலுக்கு ஐந்து அளவில் இருப்பது, பத்தாயிரத்துக்கு ஐம்பது அளவில் நிற்கும். பிழை ஈடுகட்டப்படுவதில்லை, பெரிய எண்ணிக்கைக்கு முன் அற்பமாகிவிடுகிறது, அவ்வளவே.

எத்தனை முறை பார்த்தால் நம்பலாம்? இதைக் கணக்கிட முனைந்தவர் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் பெர்னூலி. 1705இல் அவர் இறந்தார்; இந்தக் கணக்கு அடங்கிய அவரது நூல் 1713இல்தான் அச்சேறியது. அவர் சொன்ன உதாரணம் இது: ஒரு குடத்தில் வெள்ளைக் கற்களும் கறுப்புக் கற்களும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கிடக்கின்றன. ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டு, மறுபடி எடுக்க வேண்டும். வெள்ளையின் பங்கு 58 முதல் 62 சதவீதத்துக்குள் அமையும் என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற துணிவோடு சொல்ல, அவர் கணக்குப்படி 25,550 முறை எடுத்தால் போதும். இன்றைய முறைகளில் இதைவிடக் குறைவாகவே போதும். ஆனாலும் அந்த 'ஆயிரத்துக்கு ஒன்று' என்பதில் மிஞ்சும் ஒன்றை முற்றாகத் துடைக்க யாராலும் இயலாது. எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பதை முதலில் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கான உழைப்பு எவ்வளவு என்பதைத்தான் கணிதம் சொல்லும்.

கைபேசியில் 'மழைக்கு 60 சதவீத வாய்ப்பு' என்று பார்த்துக் குடையோடு போகிறோம், ஒரு சொட்டுகூட விழவில்லை. உடனே முன்னறிவிப்பைத் திட்டுவது நியாயமில்லை. பெய்யாமல் போக 40 சதவீதம் இடம் வைத்துத்தான் அது சொன்னது. அதைச் சோதிக்க வழி உண்டு. 60 சதவீதம் என்று சொன்ன நாட்களை எல்லாம் தனியே குறித்துவைத்து, அவற்றில் பத்துக்கு ஆறு என்ற அளவில் மழை பெய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்பதில் பெய்திருந்தாலும் அந்த முன்னறிவிப்பு தவறுதான்.