புளியரை இறக்கத்தில் இரண்டாவது கியர்

திருவேங்கடத்துக் கரிசல் காட்டிலிருந்து சங்கரன்கோவில், தென்காசி வழியாக பைக்கில் கிளம்பினால், செங்கோட்டை தாண்டியதும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கும். புளியரையில் எஸ் வளைவு, மேலே கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு, தென்மலை. கழுதுருட்டி அருகே சாலையோரமாகவே பதின்மூன்று கண் ரயில் பாலம் நிற்கிறது. 1904-இல் திறந்த கொல்லம் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

போவதற்கு ஐப்பசிதான் நல்ல மாதம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் மேல்காற்று லேசான பைக்கைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஐப்பசியில் அது அடங்கிவிடுகிறது. கார்த்திகை பிறந்தாலோ சபரிமலை வண்டிகளால் சாலை நிறைந்துவிடும். படத்தில் பார்க்கும் வெளிநாட்டு இலையுதிர்காலம் இங்கே கிடையாது. ரப்பர் மரங்கள்கூட மார்கழி வாக்கில்தான் இலை உதிர்க்கும். ஐப்பசியில் மலை முழுக்கப் பச்சை, மதியத்துக்கு மேல் இடிமழை.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வண்டியை அறிந்திருக்க வேண்டும். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 90 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால், அத்தனை சூட்டில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பிரேக் டிரம்மிலும்தான் இறங்கும். அதிகம் சூடானால் உராய்வு குறையும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பழசாகி ஈரமேறிய ஆயில் சீக்கிரமே கொதித்துக் குமிழியிடும். அப்போது லிவரை அழுத்தினாலும் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தச் சுமையில் பங்கெடுக்க எஞ்சின் இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று போகும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிஸ்டன் அதனால் உண்டாகும் வெற்றிடத்தை எதிர்த்து இழுபட வேண்டும். அதை இழுப்பது செயின் வழியாகப் பின்சக்கரம். அதனால் சக்கரத்தின் வேகம் குறைகிறது. கியர் குறையக் குறைய எஞ்சின் அதிகமாகச் சுழன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2020-க்குப் பின் வந்த பைக்குகளில் பெரும்பாலானவை எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின் கொண்டவை. கியரில் இறங்கும்போது அவை பெட்ரோலை நிறுத்திவிடக்கூடும், நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். கியரில்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் பிடி குறைவு. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

வளைவுக்கும் கணக்கு உண்டு. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு வண்டி 25 டிகிரி சாய வேண்டும். 40 என்றால் 40 டிகிரி. மழையில் நனைந்து, லாரிகள் சிந்திய டீசலும் படிந்த தாரில் டயருக்கு அந்தப் பிடி கிடைக்காது. எனவே பிரேக்கும் கியர் மாற்றமும் வளைவுக்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

விடியும் முன் கிளம்பி, தென்மலை அணையைப் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் வண்டியைத் திருப்பிவிடுங்கள். புளியரை இறக்கம் திரும்பி வரும்போதுதான் வருகிறது. மழை பிடிக்குமுன் அதைக் கடந்துவிடலாம்.