பழைய படத்திடம் கேள்வி கேட்போமா?

ரிஷிவந்தியத்திலிருந்து வடகிழக்கே போனால் திருக்கோவிலூர். ஊரை ஒட்டித் தென்பெண்ணை ஓடுகிறது. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு. பஸ் பாலத்தில் ஏறியதும் சன்னலோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கீழே எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் போகிறதா, வெறும் மணலா, கருவேலம் மண்டிக் கிடக்கிறதா?

நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஆறு, இதே இடத்தில் எப்படி இருந்திருக்கும்? தாத்தாவைக் கேட்டால் அறுபது, எழுபது வருடக் கதை சொல்வார். அதற்கும் முந்திய காலத்துக்கு? பழைய புகைப்படமோ அஞ்சலட்டையோ கிடைத்தால் அதைக் கேட்கலாம். ஆனால் படம் தானாக வாய் திறக்காது. சில நேரம் பொய்யும் சொல்லும். அதனிடம் என்ன கேட்பது, எந்தப் பதிலை நம்புவது என்று பார்ப்போம், வாருங்கள்.

மாட்டுவண்டியில் வந்த கேமரா

தமிழ்நாட்டு ஆறுகளை முதன்முதலில் படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப். ஆங்கிலேயப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி, அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றினார். கேமராவும் ரசாயனங்களும் மாட்டுவண்டியில் வந்தன. மதுரையில் வைகையையும் அதன் குறுக்கே கிடந்த கல்பாதையையும் அவர் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்!

இவ்வளவு செய்தவரின் வேலையை 1859இல் சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் வீண் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். அந்த 'ஆடம்பரம்'தான் இன்று நமக்குச் சான்று.

அவர் காலத்தில் பிலிம் கிடையாது. மெழுகு ஊறிய காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசி, அதையே கேமராவுக்குள் வைத்தார். வெள்ளி உப்புக்கு ஒரு குணம் உண்டு: வெளிச்சம் பட்டால் அது மாறும். வெளிச்சம் பட்ட இடத்தில், ரசாயனத்தில் கழுவும்போது உப்பு பிரிந்து கறுப்பான வெள்ளித் துகள் உண்டாகும். ஆக, வெளிச்சமான வானம் காகிதத்தில் கறுப்பாகவும், நிழலான மரம் வெளுப்பாகவும் விழும். இந்தத் தலைகீழ்ப் படத்துக்கு நெகட்டிவ் என்று பெயர். வெளிச்சம் படாமல் மிஞ்சிய உப்பை 'ஹைப்போ' என்கிற கரைசல் கரைத்து எடுத்துவிடும். அப்படி எடுக்காவிட்டால் படத்தை வெளியே கொண்டுவந்ததும் முழுவதும் கறுத்துப் போகும்.

நெகட்டிவை வெள்ளி உப்பு பூசிய இன்னொரு காகிதத்தின் மேல் அழுத்தி வெயிலில் வைத்தால், கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். நமக்கு வேண்டிய படம் கிடைத்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அச்செடுப்பதால், நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். அதனால்தான் ட்ரைப்பின் கேமரா அத்தனை பெரிது. அதன் நெகட்டிவ் ஓர் அடிக்கு மேல் நீளம்.

முதல் கேள்வி: உனக்கு எது தெரியாது?

பழைய ஆற்றுப் படங்களில் படித்துறை வெறிச்சோடிக் கிடக்கும். அந்தக் காலத்தில் யாருமே குளிக்கவில்லையா? குளித்தார்கள். கேமராவுக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை. காகித நெகட்டிவில் படம் விழப் பல நொடிகள் ஆகும், சில சமயம் நிமிடக் கணக்கிலும் ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் எந்த இடத்திலும் போதிய நேரம் நிற்பதில்லை. அதனால் பதியாமலே போய்விடுவார். ஓடுகிற தண்ணீரும் அலை இல்லாமல் வழுவழுவென்று தெரியும். அதைப் பார்த்து 'அன்றைக்கு ஆறு அமைதியாக இருந்தது' என்று எழுதினால் தப்பு.

வானத்தைப் பாருங்கள். மேகமே இருக்காது. அந்தக் கால வெள்ளி உப்பு நீல ஒளிக்கு மட்டும் சட்டென்று மாறும். சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. நீல வானமும் வெண்மேகமும் ஒரே மாதிரி வெளுத்துவிடும். வெற்று வானம் பிடிக்காமல், ட்ரைப் சில நெகட்டிவ்களில் தானே மேகம் வரைந்து சேர்த்திருக்கிறார். ஆகவே அவர் படத்தில் மேகத்தைக் கண்டு 'மழை வரப் போகிறது' என்றும் முடிவு கட்ட முடியாது!

கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை அடித்திருப்பார்களே, பழைய படத்தில் அந்தக் காவி கன்னங்கரேல் என்று விழும். குங்குமப் பொட்டும் கறுப்புதான். சோதித்துப் பார்க்க வேண்டுமா? நீல நிறக் கண்ணாடித் தாளைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் தெருவைச் சுற்றி வாருங்கள். சிவப்பெல்லாம் இருண்டு போவதைப் பார்ப்பீர்கள். சூரியனை மட்டும் அதன் வழியாகப் பார்க்கவே கூடாது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு மற்ற நிறங்களையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் இந்தக் குறை மெல்ல மெல்லத் தீர்ந்தது.

இரண்டாம் கேள்வி: உனக்கு யார் நிறம் பூசினார்கள்?

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. இந்தியாவுக்கு 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை காலணா, அதனால் 'காலணா கார்டு' என்றே பெயராயிற்று. படம் போட்ட அட்டைகள் அதற்குப் பிறகு வந்தன. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், வீல் அண்ட் கிளைன் என்ற புகைப்பட நிலையமும் கோயில், கடைத்தெரு, ஆறு என்று படம் போட்ட அட்டைகளை விற்றன.

உங்களுக்கு அப்படி ஓர் அட்டை கிடைத்தால் முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள். ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், செய்தித்தாள் படம் போல அது அச்சு இயந்திரத்தில் வந்தது. புள்ளிக்குப் பதில் புழு நெளிந்தது போன்ற நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால், ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டிலிருந்து அச்சிட்டிருக்கிறார்கள். காய்ந்த ஜெலட்டின் வெடித்துச் சுருங்கிய தடம்தான் அந்த நெளிவு. எதுவுமே தெரியாமல் கறுப்பிலிருந்து வெளுப்புக்கு வழுக்கிக்கொண்டு போனால் அது நேரடிப் புகைப்படம். இதில்தான் நுணுக்கம் அதிகம். பெரிதாக்கிப் பார்த்தால் புதுப்புது விவரங்கள் கிடைக்கும். புள்ளி அச்சைப் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும்.

வண்ண அட்டையா? கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். முதல் உலகப் போருக்கு முன், இந்திய அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாயின. போனது கறுப்பு வெள்ளைப் படம். நிறம் சேர்த்தது அங்கே இருந்த அச்சகம். ஆற்றில் துணி துவைக்கும் அம்மாவின் புடவை பச்சை என்று முடிவு செய்தவர் இந்த ஆற்றையே பார்த்திராதவராக இருக்கலாம். உருவத்தை நம்பலாம், நிறத்தை நம்ப வேண்டாம்.

பின்பக்கத்தையும் திருப்புங்கள். தபால்தலையில் விக்டோரியா ராணியா, ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா? விக்டோரியா இறந்தது 1901இல், எட்வர்ட் 1910இல். முத்திரையில் தேதியும் இருக்கும். ஆனால் அது அட்டை தபாலில் சேர்ந்த தேதி. படம் அதற்குப் பத்து வருடம் முன்பேகூட எடுத்ததாக இருக்கலாம். 'இந்தத் தேதிக்குப் பிறகு எடுத்ததல்ல' என்று மட்டும்தான் முத்திரை உறுதி சொல்லும்.

மூன்றாம் கேள்வி: எந்த மாதம்?

இதற்கு நிழல் பதில் சொல்லும். நம் பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11.8 பாகையில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும், சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். அன்று நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அதுதான் நிழலில்லா நாள்.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும்; நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஒரு மீட்டர் குச்சியை நட்டால், ஜூன் 21 நண்பகலில் தெற்கே சுமார் 20 சென்டிமீட்டர் நிழல். டிசம்பர் 21இல் வடக்கே சுமார் 70 சென்டிமீட்டர்.

இப்போது பழைய படத்துக்கு வருவோம். கோயில் எந்தத் திசை பார்த்தது என்று நமக்குத் தெரியும், அது மாறுவதில்லை. நண்பகல் படத்தில் தூணின் நிழல் தெற்கே விழுந்திருந்தால் அது கோடையிலிருந்து ஆடி, ஆவணி வரையிலான காலம். வடக்கே நீளமாக விழுந்திருந்தால் மார்கழிப் பக்கம். ஆற்றில் தண்ணீர் நிறைந்திருப்பதோ வறண்டிருப்பதோ, மாதம் தெரிந்த பிறகுதான் அர்த்தமுள்ள செய்தியாகிறது. சித்திரை வறட்சியையும் ஐப்பசி வெள்ளத்தையும் பக்கத்தில் வைத்து 'ஆறே மாறிவிட்டது' என்று சொல்லலாமா?

நான்காம் கேள்வி: எங்கே நின்று எடுத்தார்கள்?

கட்டை விரலை நீட்டி, எதிரே உள்ள மரத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை வலப்பக்கம் நகர்த்துங்கள். விரல் மரத்துக்கு இடப்பக்கம் போய்விட்டது, பார்த்தீர்களா? அருகில் உள்ளது தூரத்தில் உள்ளதைவிட அதிகமாக இடம் பெயர்வது போலத் தெரியும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

திருக்கோவிலூரை ஒட்டி, கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில், தென்பெண்ணையில் ஒரு பாறை நிற்கிறது. உச்சியில் சின்னக் கோயில். சங்கப் புலவர் கபிலர் இங்கேதான் உயிர் துறந்தார் என்று சொல்வார்கள். பெயரும் கபிலர் குன்று. ஒரு பழைய படத்தில் குன்றின் உச்சிக்கு வலப்பக்கம் சற்றுத் தள்ளிப் பின்னால் ஒரு கோபுரம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கரையில் நடந்துகொண்டே பாருங்கள். குன்றுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி படத்தில் இருப்பதுபோலவே எப்போது வருகிறதோ, அந்தக் கோட்டில்தான் கேமரா நின்றது. இதே போல இன்னொரு ஜோடிப் பொருட்களையும் பொருத்திவிட்டால் இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி கிடைக்கும். நீங்கள் நிற்பது பழைய புகைப்படக்காரர் நின்ற இடம்!

அங்கே நின்று புதுப் படம் எடுத்து, பழையதோடு ஒப்பிடுவதை விஞ்ஞானிகள் ஒரு முறையாகவே வளர்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880களின் இறுதியில் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை இப்படி அளக்கத் தொடங்கினார். பனியாறுகள் எவ்வளவு பின்வாங்கியிருக்கின்றன என்று இன்று நாம் அறிவதில் அந்தப் பழைய படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆற்றில் என்ன பார்ப்பது? பாறை நகராது, பாலத்தின் தூண் நகராது. அவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பாறையின் அடி முன்பைவிட அதிகமாக வெளியே தெரிந்தால் மணல் மட்டம் இறங்கியிருக்கிறது. காரணம் தேடும்போது நிதானம் வேண்டும். தென்பெண்ணையில் மேலே சாத்தனூர் அணை 1958இல் வந்தது; அதற்கு முந்திய ஆறும் பிந்திய ஆறும் ஒன்றல்ல. மணல் அள்ளுவதும் ஒரு காரணம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்ததைப் போன்ற பெருவெள்ளம் சில நாட்களில் கரையையே மாற்றிவிடும்.

நீங்களும் செய்யலாம்

முதலில் மஞ்சள் படம். கொஞ்சம் மஞ்சள் தூளைக் கை கழுவும் சானிடைசரில் கலந்து வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் காய வையுங்கள். சானிடைசர் எளிதில் தீப்பிடிக்கும்; அடுப்பங்கரையில் வேண்டாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். காய்ந்த தாளின் மேல் ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். வெயில் பட்ட மஞ்சள் வெளுக்கும். இலைக்கு அடியில் இருந்தது அப்படியே நிற்கும். சோப்புத் தண்ணீரை மெல்லத் தடவினால் இலை உருவம் செந்நிறமாக எழுந்து வரும். இந்தப் படம் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கிவிடும், ஏனென்றால் மிஞ்சிய மஞ்சளைக் கரைத்தெடுக்க உங்களிடம் 'ஹைப்போ' மாதிரி ஒன்று இல்லை. வெள்ளிப் படம் ஏன் 150 வருடம் தாண்டி நின்றது என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது ஆற்றுப் படம். பாலத்து நடைபாதையோ படித்துறையின் மேல்படியோ, பெரியவர் துணையோடு பத்திரமாக நிற்கக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். படத்தின் சட்டகத்துக்குள் நகராத இரண்டு பொருட்களாவது இருக்கட்டும். வருடா வருடம் அதே நாளில், அதே உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுங்கள். போன் படத்துக்குள் தேதியும் இடமும் பதிந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். அச்செடுத்து, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் இடம், திசை, தேதி, நேரம் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அத்தனை படத்துக்கும் பயன் கிடைப்பது, எது எந்த ஊர் என்று குறித்து வைத்ததால்தான்.

தொடங்குவதற்கு நல்ல நாள் ஏப்ரல் 21. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. நாம் அதற்கு மேற்கே 79 பாகையில் இருப்பதால், சூரியன் நமக்கு உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12 மணி 12 நிமிடம் போலக் காட்டும். அப்போது படமெடுத்தால் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கவாட்டில் நிழல் விழாது. வருங்காலத்தில் அதைப் பார்க்கும் ஒரு பிள்ளை, 'இது நிழலில்லா நாள்' என்று கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் ஏப்ரலா ஆகஸ்டா என்று நிழலை வைத்து அவளால் சொல்ல முடியாது. அதனால் தேதியை எழுதிவிடுங்கள்.