ராஜா சிப்பாயா, ராணி சிப்பாயா?

2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அதுவரை வெள்ளையில் பெரும்பாலும் ராஜா சிப்பாயையே முதலில் எடுத்தவர் அவர். ஆறாவது ஆட்டத்திலும் அதே ராணி சிப்பாய். எதிராளி விளாதிமிர் கிராம்னிக் தோற்றார். 6.5–4.5 என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே தங்கியது.

இதைக் கேட்டதும் திருக்கோவிலூரில் பள்ளிப் போட்டிக்குத் தயாராகும் மாணவருக்கும் தொடக்கத்தை மாற்றிப் பார்க்கும் ஆசை வரும். ஆனால், ஆனந்துக்கு அப்போது வயது 38. பீட்டர் ஹைன் நீல்சன், காசிம்ஜானோவ், வோய்தாஷெக், சூர்ய சேகர் கங்குலி என ஒரு குழுவே அவருக்குப் பின்னால் உழைத்தது. தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு நேர் எதிரான வழியே நல்லது: வெள்ளைக்கு ஒரே தொடக்கம், குறைந்தது ஓராண்டுக்கு.

எதைத் தேர்வது?

வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் 20 வாய்ப்புகள் உண்டு. பிரபலத்தைப் பார்க்காமல், எந்த மாதிரி நிலை அமைந்தால் ஆட ஆசையாக இருக்கிறது என்று பாருங்கள். ராஜா சிப்பாயில் தொடங்கும் இத்தாலியன் ஆட்டத்தில் குதிரையும் பிஷப்பும் உடனே வெளியே வரும். ராஜாவைச் சீக்கிரம் பாதுகாக்கலாம். ராணி சிப்பாயில் தொடங்கும் குயின்ஸ் கேம்பிட் பெரும்பாலும் நிதானமானது. மையத்துக்கான போராட்டம் நீளும். கறுப்பு எதை ஆடினாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் காய்களை நிறுத்தலாம் என்பதால் லண்டன் முறை பலருக்குப் பிடிக்கிறது. எதிராளியின் நகர்த்தலைப் பார்க்காமல் பழக்கத்தில் ஆடிவிடுவதுதான் அதிலுள்ள ஆபத்து. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இத்தாலியனையே சொல்வேன். காய்களை ஒன்றுசேர்த்துத் தாக்கவும், செய்த பிழையின் விலையை உடனே உணரவும் அது கற்றுத் தரும்.

எப்படிக் கற்பது?

பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்தவர், எதிராளி நான்காவதிலேயே வழிமாறினால் திகைத்துப் போவார். ஒவ்வொரு காயும் எங்கே நிற்க விரும்புகிறது, எந்தச் சிப்பாயைத் தள்ளி மையத்தைத் திறக்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் பிடியுங்கள். இத்தாலியனில் ராணிப் பக்கத்துக் குதிரை பல சமயம் பின்வரிசை வழியாகச் சுற்றி ராஜா பக்கம் வரும். ஏன் அவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று புரிந்துவிட்டால், மறக்கவே மறக்காது. தோற்ற ஆட்டத்தின் குறிப்புத் தாளை எடுத்து, தெரிந்த பாதை எங்கே முடிந்தது என்று குறியுங்கள். அந்த இடத்திலிருந்து மறுநாள் படிப்பு தொடங்கட்டும்.

தொடக்கம் மட்டுமே பட்டத்தைத் தருவதில்லை. 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் இந்திய வீரர் குகேஷ், டிங் லிரெனுக்கு எதிராக வெள்ளையில் முதல் ஆட்டத்தை ராஜா சிப்பாயில் தொடங்கித் தோற்றார். மூன்றாவதை ராணி சிப்பாயிலும், பதினொன்றாவதைக் குதிரையிலும் தொடங்கி வென்றார். ஆனால், 18 வயதில் அவரை உலக சாம்பியனாக்கிய கடைசி ஆட்டத்தில் அவர் கறுப்பு. இறுதிக்கட்டத்தில், 55-வது நகர்த்தலில் டிங் யானையை நகர்த்தியதில் செய்த பிழையே பட்டத்தை முடிவு செய்தது.

ஆகவே, தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் இறுதிக்கட்டத்துக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். பிடித்த தொடக்கம் தெளிவான நடுஆட்டத்தைத் தரும்; அங்கிருந்து வெற்றிவரை கொண்டுசேர்ப்பது இறுதிக்கட்டப் பயிற்சிதான்.