பெர்லின் மாநகரின் பகலும் இரவும்

மேனாட்டு மாநகரங்களைக் காணச் செல்வோருள் ஒருசாரார் பகற்பொழுதைக் காட்சிசாலைகளிற் போக்குவர். மற்றொரு சாரார் இரவுப்பொழுதை நடனசாலைகளிற் போக்குவர். முன்னவர் பின்னவரை இழித்துரைத்தலும், பின்னவர் முன்னவரைக் கண்டு நகைத்தலும் எங்குமுள்ள வழக்கமே. ஆயின் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் இவ்விரு கூட்டத்தாரும் சிற்சில வேளைகளில் ஒரே வாயிலின்முன் நிற்கக் காண்கின்றோம். அஃது எங்ஙனம் நேர்ந்ததென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அந்நகரின் ரெயின்ஹார்ட் வீதியில் சதுரமானதொரு கட்டிடம் கன்மலைபோல் நிற்கின்றது. இரண்டாம் உலகமகாயுத்தத்தின்போது, 1942-ஆம் ஆண்டளவில், ஆகாயவிமானங்களினின்று விழும் குண்டுகளுக்குத் தப்பி இரயில்வே பிரயாணிகள் ஒதுங்குதற்பொருட்டு இது கட்டப்பெற்றது. சுவரின் கனம் ஏறக்குறைய இரண்டு மீட்டர்; மேற்கூரையின் கனம் மூன்று மீட்டருக்கும் மேல். யுத்தம் முடிந்தபின் சோவியத் சேனையார் இதனைச் சிறையாக்கினர். பின்னர்க் கிழக்கு ஜெர்மானிய ஆட்சியில் இது வெப்பநாட்டுப் பழங்களை வைக்கும் கிடங்காயிற்று. தடித்த சுவர் வெயிலை உட்புகவிடாதன்றோ? ஊரார் இதற்கு 'வாழைப்பழ அரண்' என்று பரிகாசப் பெயரிட்டனர். 1992-இல் இளைஞர்கள் இதனுள் டெக்னோ என்னும் இயந்திர இசையை முழக்கி ஆடத் தொடங்கினர். 1996-இல் அவ்வாட்டமும் ஒழிந்தது. 2003-இல் கிறிஸ்டியன் போரோஸ் என்பார் இதனை விலைக்கு வாங்கி, உள்ளிருந்த சிற்றறைகள் பலவற்றின் தளங்களையும் சுவர்களையும் அறுத்தெடுத்து, தாம் சேகரித்த தற்காலக் கலைப்பொருள்களை 2008 முதற்கொண்டு பிறர்க்குக் காட்டி வருகின்றார். முன்னரே பதிவுசெய்துகொண்டு, வழிகாட்டியுடன் சிறு கூட்டமாகவே உட்செல்லுதல் வேண்டும். அகதி, கைதி, வாழைப்பழம், ஆடுவோர், ஓவியம் என்று இத்தனையும் தாங்கிய சுவர் உலகில் வேறு எத்தனை உண்டோ, நாம் அறியோம்.

இத்தகைய மாறுதல்களுக்குக் காரணம் அந்நகரின் சரித்திரமே. 1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறக்கப்பட்டபோது, கிழக்குப் பகுதியில் உரிமையாளர் இன்னாரென்று தெளியப்படாத கட்டிடங்கள் பல வெறுமையாய்க் கிடந்தன. இளைஞர்கள் அவற்றுட் புகுந்து விளக்கேற்றி இசை முழக்கினர். 1991-இல் தொடங்கிய 'டிரெசோர்' என்னும் நடனசாலை இருந்தவிடம், வெர்ட்டைம் என்னும் பழைய பெருங்கடையின் நிலவறைப் பெட்டகசாலையாகும். அக்கடை ஒரு யூதக் குடும்பத்தாருடையது. நாஜிகள் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். துருவேறிய பெட்டகங்களினிடையே மக்கள் விடியுமட்டும் ஆடினர். இன்ன நேரத்திற் கதவடைக்க வேண்டுமென்ற கட்டளையோ மேற்குப் பெர்லினில் 1949-இலேயே நீக்கப்பட்டிருந்தது. ஆகவே இரவுக்கு அங்கே எல்லையில்லாமற் போயிற்று.

இனிப் பகற்பொழுதிற்கு வருவோம். 'ஹாம்பர்கர் பான்ஹோஃப்' என்பது 1840-களில் ஹாம்பர்க் நகருக்குச் செல்லும் இருப்புப்பாதைக்கெனக் கட்டிய நிலையம். 1884-இல் வண்டிகள் நின்றுபோயின. 1906-இல் அது போக்குவரத்துக் காட்சிசாலையாயிற்று. 1996 முதல் தற்காலக் கலைக்கு உறைவிடமாயிற்று. இங்குள்ள சேகரங்களுள் யோசெப் பாய்ஸ் என்பார் 1977-இற் செய்த 'கொழுப்பு' என்னும் படைப்பு ஒன்று. மியூன்ஸ்டர் நகரில் நடைபாதைச் சரிவொன்றன் அடியில் ஒருவருக்கும் பயன்படாது கிடந்த மூலையின் வடிவத்தை, பல டன் கொழுப்பை உருக்கி வார்த்து, அக்கட்டிகளை அவர் காட்சிக்கு வைத்தார். முதன்முறை இதைக் காண்பவர், "இதுவும் ஒரு சிற்பமோ!" என்று மூக்கில் விரல் வைப்பர். நாமும் அங்ஙனமே எண்ணுதற்கு இடமுண்டு. ஆயினும் அஃது அழகிய உருவமொன்றைக் காட்டவந்ததன்று. நகரமைப்போர் கவனியாது விட்ட வெற்றிடத்தை எடையுள்ள பொருளாக்கி நம் எதிரே வைக்கின்றது. தற்காலக் கலையைப் பார்க்கச் செல்வோர், "இஃது எதைப் போலிருக்கின்றது?" என்று வினவாமல், "இஃது எவ்விடத்தினின்று வந்தது, எதனாலாயது?" என்று வினவுவாராயின் பாதி மயக்கம் தீரும். மற்றப் பாதி தீராமற்போவதும் உண்டு. அது பார்ப்போர் குற்றமன்று.

நடனசாலைகளுள் மிகப் பேர்பெற்றது 'பெர்கைன்'. கிராய்ட்ஸ்பெர்க், ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் என்னும் இரு பகுதிப்பெயர்களின் ஈறுகளைச் சேர்த்து அமைத்த பெயர் இது. 1950-களில் வீடுகளுக்கு வெப்பம் அனுப்பக் கட்டிய பெரும் நிலையமொன்றில் 2004 முதல் நடைபெற்று வருகின்றது. சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் திங்கட்கிழமை காலைவரை நீளும். வாயிலில் நிற்போர் பார்த்து விட்டாலன்றி உட்செல்லல் இயலாது. பல காதம் கடந்து வந்தோமென்றாலும் பயனில்லை. உட்செல்வோரின் கைப்பேசிக் கண்ணாடிமீது சிறு தாளை ஒட்டிவிடுவர், படமெடுத்தல் கூடாது. காட்சிசாலையில் ஓவியத்தைப் பாராது படமெடுத்துக்கொண்டே நடப்போரைக் காணும்போது, இவ்வழக்கத்தை அங்குங் கொண்டுவந்தால் என்ன என்று நமக்குத் தோன்றுகின்றது. மதுவும் வேறு மயக்கப்பொருள்களும் இவ்விரவுகளில் வழங்குகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. அதனால் உடல்நலம் கெட்டோரும் உளர்.

இந்நடனசாலையைப்பற்றி ஒரு வழக்கு எழுந்தது. நுழைவுக் கட்டணத்தின்மீது நூற்றுக்கு 19 வீதம் வரி வேண்டுமென்று வரி அதிகாரிகள் கேட்டனர். இசைக்கச்சேரிகளுக்கோ 7 வீதமே. ஆடுவோர் வருவது கேளிக்கைக்கா, இசைக்கா என்பதே வினா. இசையே தலைமையானதென்று 2016-இல் பெர்லின்-பிராண்டன்பர்க் வரி நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. இவ்வகை வழக்குகளில் தலைமை வரி நியாயஸ்தலமும் 2020-இல் இசைத்தட்டு இயக்குவோர் பிறர் பாட்டை வெறுமனே ஒலிபரப்புவோரல்லர், தம் கருவிகளால் புதிய இசையை ஆக்குவோரே என்று கொண்டது. ஒரு சபையில் நடப்பது கலையோ அன்றோ என்பதை வரிக்கணக்கர் வாயிலாகத் தெளியவேண்டியிருந்தமை வியப்பே.

அவ்வாண்டிலேயே கொள்ளைநோய் வந்து நடனசாலைகள் யாவும் அடைபட்டன. செப்டம்பர் மாதத்தில் பெர்கைனும் போரோஸ் குடும்பத்தாரும் கூடி, ஆட்டமொழிந்த கூடங்களில் பெர்லினில் வாழும் கலைஞர் பலரின் படைப்புக்களை வைத்தனர். கட்டிடத்தின் முகப்பில், 'நாளை என்பதே வினா' என்னும் பொருள்பட ரிர்க்ரிட் திராவானிஜா என்னும் கலைஞர் எழுதிய பெருந்துணி தொங்கிற்று. ஆடவந்த கூடத்தில் மக்கள் முகமூடியணிந்து, வழிகாட்டியின்பின் மெல்ல நடந்தனர். நவம்பரில் அதுவும் அடைபட்டது.

நோய் நீங்கியும் நீங்காத இடர் நிலத்தின் விலை. டிரெசோர் 2005-இல் தன் பழைய இடத்தை இழந்து, 2007-இல் வேறொரு பழைய மின்நிலையத்திற் குடிபுகுந்தது. காட்சிசாலைக்கும் இவ்விடர் வாராமலில்லை: ஹாம்பர்கர் பான்ஹோஃப் பிறர் நிலத்தில் வாடகைக்கிருந்தது என்பதைப் பலர் அறியார். 2022-இல் அரசாங்கத்தார் அதனை விலைகொடுத்து மீட்டனர். நடனசாலைகளைக் கலைக்கூடங்களாக எண்ணவேண்டுமென்று ஜெர்மானியப் பாராளுமன்றம் 2021-இல் தீர்மானித்தது. பெர்லினின் டெக்னோ இசை 2024 மார்ச்சில் அந்நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் ஏறிற்று. ஸ்பிரே நதிக்கரையில் 2002 முதல் நடந்துவந்த 'வாட்டர்கேட்' என்னும் நடனசாலை, வாடகையும் செலவும் தாங்காது, அதே ஆண்டின் முடிவிற் கதவடைத்தது.