கம்பளித் தொப்பிக்குரிய கைக்கருவிகள்

தோளில் நீண்ட வில்லைச் சாய்த்து, நாணைச் சுண்டி ஒலியெழுப்பியவாறு மெத்தை தைப்போர் மயிலாப்பூர் வீதிகளில் வந்ததை மூத்த அங்கத்தினர்கள் அறிவர். பஞ்சு கொட்டும் அவ்வில்லே கம்பளித் தொப்பித் தொழிலுக்கும் முதற் கருவியாகும். கருவி ஒன்றாயினும் விளைவு வேறு. அதன் காரணத்தை நெசவாளரும் ஆடு வளர்ப்போரும் அறிந்திருத்தல் நலம்.

பஞ்சை எவ்வளவு அழுத்தினாலும் அது மீண்டும் பிரிந்துவிடும். கம்பளி மயிரின் மேலோ மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உள்ளன. வெந்நீரும் சவக்காரமும் சேர்த்துத் தேய்க்குங்கால் மயிர்கள் ஒன்றினுள் ஒன்று நுழைந்து, மீளமாட்டாமல் பிணைகின்றன. பாவும் ஊடையுமின்றியே துணி உண்டாகிறது. இதனை ஃபெல்ட் என்பர். காஷ்மீரத்திலும் ராஜஸ்தானத்து டோங்க் நகரிலும் இவ்வாறு செய்யப்படும் விரிப்புக்கு நம்தா என்று பெயர்.

ஐரோப்பாவின் பழைய தொப்பித் தொழிலாளர், ஏறக்குறைய 7 அடி நீளமுள்ள வில்லை மேலிருந்து தொங்கவிட்டு, மரமுளையால் நாணை இழுத்து விடுவர். அதிர்வினால் மயிர் பிரிந்து மெல்லிய படலமாக விழும். இரு படலங்களுக்கிடையே துணி வைத்து, ஓரங்களை இணைத்துக் கூம்பாக்குவர். இடையிலுள்ள துணி, உட்புறம் ஒட்டாமல் காக்கும். பின் வெந்நீரில் நனைத்து, உருட்டுகட்டையால் பலமுறை உருட்டுவர். கூம்பு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். அதனைத் தலை வடிவான மர அச்சின் மேல் இழுத்து, அடியில் கயிறு கட்டி உலர்த்தி, தூரிகையால் மெருகிடுவர்.

இவற்றுள் வில்லின் வேலையே தலையாயது. படலம் ஓரிடத்தில் மெலிந்திருப்பின், பின்வரும் எக்கருவியாலும் அக்குறையை முற்றும் போக்கவியலாது. பாவில் நேர்ந்த பிழை துணி முழுதும் தொடர்வதை நெசவாளர் அறிவாரன்றோ!

இத்தொழிலில் இறங்க விரும்பும் சங்கம், கருவிக்குப் பணம் ஒதுக்குமுன் கம்பளியைச் சோதித்தல் வேண்டும். சென்னையைச் சூழ்ந்த மாவட்டங்களில் வளரும் மெட்ராஸ் சிவப்பு இன ஆட்டின் உடலில் இருப்பது குட்டை ரோமமே. அது இறைச்சிக்குரிய இனம். நமது மாநிலத்தில் மென்மையான கம்பளி தருவது நீலகிரி இனம். எண்ணிக்கையில் அருகிவிட்ட அவ்வினத்தைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் பேணி வருகிறது.

சோதனை எளிது. ஒரு பிடி கம்பளியைப் பிரித்து, சவக்கார வெந்நீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே சிறிது நேரம் உருட்டுக. இறுகிய உருண்டையானால் அது தொப்பிக்கு உதவும். உதிர்ந்து போனால் உதவாது. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் உழைப்பு. ஆதலின் கைப்பிடிக் கம்பளியைச் சோதித்த பின்னரே வில்லுக்கும் அச்சுக்கும் பணம் ஒதுக்குவோமாக.