டிரம்மர் எழுதிய பாடல்கள்

அமெரிக்க ராக் கலைஞர் டேவ் க்ரோல் 1969-இல் பிறந்தவர். வர்ஜீனியாவில் வளர்ந்தபோது தலையணைகளை அடித்தே டிரம்ஸ் பழகினார். உள்ளூர் பங்க் குழுக்களில் வாசித்து, 17 வயதில் ‘ஸ்க்ரீம்’ குழுவிலும், 1990-இல் ‘நிர்வாணா’விலும் சேர்ந்தார். அப்போதே சொந்தப் பாடல்களையும் எழுதிவந்தார். குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்ததும் ‘நிர்வாணா’ கலைந்தது. அந்த அக்டோபரில் சியாட்டில் அருகேயுள்ள ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் க்ரோல் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவுசெய்தார். முதலில் டிரம்ஸ், அதன்மேல் கிட்டார், பேஸ், குரல். ஒரேயொரு கிட்டார் பகுதியைத் தவிர அத்தனையும் அவர் கைவண்ணம். அசாத்திய உழைப்புதான். 1995 ஜூலையில் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ என்ற பெயரில் ஆல்பம் வெளியானது. மேடைக் கச்சேரிகளுக்கு டிரம்மர் உட்பட மூவரைச் சேர்த்துக்கொண்டு, க்ரோல் கிட்டார் வாசித்துப் பாடத் தொடங்கினார்.